விளக்கு எரிகிறது, பாயிண்ட் மாறியதா?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதிரி ரயில் பாதையில் பாயிண்டுகளுக்கு மின் இணைப்பு கொடுப்பது எப்படி என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. ‘பொம்மை ரயிலுக்கும் பாடத்திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்று சிலர் யோசிப்பது முகத்திலேயே தெரிகிறது. ஒன்பதாம் வகுப்பில் மின்காந்தவியல் நடத்துகிறோம். பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல், மேல்நிலையில் மின்தேக்கி நடத்துகிறோம். ஓம் விதி, ஜூல் வெப்ப விதி, பக்க இணைப்பு, டையோடு என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடமாக, தனித்தனி மதிப்பெண்ணாகப் பிள்ளைகளிடம் போய்ச் சேருகிறது. இவை எல்லாம் ஒரே பலகையில், ஒரே வேலைக்காகச் சேர்ந்து நிற்கும் இடம் ஒன்று வேண்டும். ஒரு பாயிண்ட் அதற்குப் போதும்.

முதலில் பாயிண்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ரயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கும் அமைப்பு அது. தமிழில் தடமாற்றி எனலாம். ஆனால் ரயில்வே ஊழியர் முதல் ஊர்மக்கள் வரை பாயிண்ட் என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன். அசையாமல் இருக்கும் இரண்டு வெளித் தண்டவாளங்களுக்கு நடுவே, நுனி கூராகச் சீவப்பட்ட இரண்டு நாக்குத் தண்டவாளங்கள் இருக்கும. இரண்டும் ஒரு குறுக்குக் கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால் சேர்ந்தே நகரும். இடது நாக்கு இடது தண்டவாளத்தோடு ஒட்டினால் வலது நாக்கு விலகி நிற்கும். வலது ஒட்டினால் இடது விலகும். சக்கரத்தின் உள்விளிம்பு இந்த இடைவெளியில் நுழைந்துதான் திசை மாறுகிறது. சற்றுத் தள்ளி, ஒரு பாதையின் தண்டவாளம் இன்னொரு பாதையின் தண்டவாளத்தை வெட்டிக் கடக்கும் ஓர் இடம் உண்டு. குதிரைக் குளம்பின் அடியில் உள்ள ஒரு பகுதியைப் போலத் தெரிவதால் அதற்குத் தவளை என்று பெயர் வந்தது; குளம்பின் அந்தப் பகுதிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். இந்தத் தவளை பிறகு நமக்கு ஒரு சிக்கலைக் கொண்டுவரும்.

பெரிய ரயிலில் நாக்கை நகர்த்த மோட்டார் உண்டு. இந்திய ரயில்வேயில் பரவலாக இருப்பவை 110 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கும் பாயிண்ட் இயந்திரங்கள். மாதிரி ரயிலில் பெரும்பாலும் இரண்டு வரிச்சுருள்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இரண்டு சுருள்களையும் ஒரே கோட்டில் வைத்து, இரண்டுக்கும் பொதுவாக நடுவில் ஓர் இரும்புத் துண்டு நகரும்படி அமைத்திருப்பார்கள். இடது சுருளில் மின்னோட்டம் போனால் இரும்பு இடது பக்கம் இழுக்கப்படும். வலது சுருளில் போனால் வலது பக்கம். இரும்போடு நாக்கும் நகர்கிறது. நகர்ந்த பிறகு மின்னோட்டம் தேவையில்லை, நாக்கு அங்கேயே நிற்கும். மின்னோட்டம் ஒரு கணம் மட்டுமே தேவை என்ற இந்த ஒரு செய்தியிலிருந்துதான் மற்றப் பாடமெல்லாம் கிளம்புகிறது.

கடையில் விற்கும் மாதிரி ரயில் சாமான்கள் நம் கைக்கு எட்டாது. அவை தேவையும் இல்லை. மோட்டார் வைண்டிங் கடையில் 34 கேஜ் எனாமல் தாமிரக் கம்பி கேட்டு வாங்குங்கள். பழைய பால்பாயின்ட் பேனாவின் உடலை வெட்டி, அதன்மேல் 400 சுற்று சுற்றச் சொல்லுங்கள். இப்போதே ஒரு கணக்கு கிடைத்துவிட்டது. ஒரு சுற்றின் சராசரி விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால் கம்பியின் நீளம் ஏறக்குறைய 12.6 மீட்டர். 34 கேஜ் கம்பிக்கு மீட்டருக்கு 0.4 ஓம். ஆகவே சுருளின் மின்தடை சுமார் 5 ஓம். கணக்குப் போட்ட பிறகு மல்டிமீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். தாளில் வந்த விடை கருவியிலும் வருவதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு மின்தடை எண் என்பது வெறும் வாய்பாடாகத் தெரியாது. கம்பியின் இரு நுனியிலும் எனாமலைச் சுரண்டிவிட மறக்க வேண்டாம். சுரண்டாவிட்டால் மல்டிமீட்டர் எதையும் காட்டாது. தலை வெட்டிய இரும்பு ஆணி உள்ளே நகரும் துண்டு. சைக்கிள் ஸ்போக்குகள் தண்டவாளம். கனத்த அட்டை தரை.

இனி இணைப்பு. இரண்டு சுருள்களுக்கும் சேர்த்து நான்கு முனைகள். ஒவ்வொரு சுருளிலும் ஒரு முனையை எடுத்து இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள். அது பொதுத் திரும்பு கம்பி. மின்மூலத்தின் எதிர்முனைக்குப் போகும். மீதி இரண்டு முனைகளும் ஆளுக்கொரு சுவிட்ச் வழியாக நேர்முனைக்கு. ஆக, ஒரு பாயிண்டுக்கு மூன்று கம்பிகள். பாயிண்டுகள் பத்து இருந்தாலும் திரும்பு கம்பி ஒன்றே போதும். எல்லாப் பாயிண்டுக்கும் அது பொது என்பதால் அதைத் தடிமனாகப் போடுவது நல்லது.

என்ன சுவிட்ச் போடுவது? வீட்டில் மின்விளக்குக்குப் போடும் சுவிட்ச் கூடாது. போட்டால் போட்டபடி நிற்கும். சுருளில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட், 5 ஓம் என்றால் 2.4 ஆம்பியர். திறன் 28.8 வாட். விரல் நுனி அளவுள்ள சுருளில் 28.8 வாட் வெப்பம் உண்டானால் எனாமல் கருகும், சுருள் வீணாகும். ஆகவே அழுத்தினால் மட்டும் இணைப்பு தந்து, விட்டால் விலகும் சுவிட்ச் வேண்டும். காலிங் பெல் சுவிட்ச் அப்படிப்பட்டதுதான். ஜூல் வெப்ப விதியைக் கரும்பலகையில் எழுதும் முன்பே, ‘காலிங் பெல் சுவிட்ச் ஏன், லைட் சுவிட்ச் ஏன் கூடாது?’ என்று கேட்டுவிடுங்கள். விதி அதற்கு விடையாக வந்து நிற்கட்டும்.

ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தான். பொத்தானை அழுத்தியபடியே அடுத்தவனோடு பேசிக்கொண்டிருப்பார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மிடம் எளிதில் கிடைக்கும் மின்மூலம் வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். அதனால் 2.4 ஆம்பியர் தர முடியாது. சுருள் கேட்பது நிறைய, ஆனால் ஒரு கணத்துக்கு மட்டும். அடாப்டர் தருவது கொஞ்சம், ஆனால் எப்போதும். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது? வீட்டுக் குழாயில் தண்ணீர் சிறு நூலாக வந்தால் என்ன செய்கிறோம்? குடத்தை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். நிறைந்ததும் ஒரே ஊற்றாக ஊற்றிக்கொள்கிறோம். மின்சுற்றில் அந்தக் குடம்தான் மின்தேக்கி.

4700 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் வையுங்கள். மொத்தம் 9400 மைக்ரோ ஃபாரட். அடாப்டரின் நேர்முனையிலிருந்து 47 ஓம் மின்தடை வழியாக மின்தேக்கியின் நேர்முனைக்கு. அங்கிருந்து பொத்தான்களுக்கு. மின்தேக்கியின் எதிர்முனை பொதுத் திரும்பு கம்பியோடு சேர்ந்து அடாப்டரின் எதிர்முனைக்கு. அவ்வளவுதான் சுற்று. மாதிரி ரயில்காரர்கள் இதை மின்தேக்கி வெளியேற்று அமைப்பு என்கிறார்கள்.

இப்போது மேல்நிலை மாணவர்களிடம் கணக்கைக் கொடுங்கள். மின்தேக்கியில் தேங்கும் ஆற்றல், அரை பெருக்கல் மின்தேக்குத் திறன் பெருக்கல் மின்னழுத்தத்தின் வர்க்கம். அதாவது 0.5 × 0.0094 × 144, ஏறக்குறைய 0.68 ஜூல். 5 ஓம் சுருளில் வெளியேறும்போது காலமாறிலி 5 × 0.0094 = 0.047 வினாடி. மீண்டும் நிரம்பும்போது 47 × 0.0094, சுமார் 0.44 வினாடி, முழுதாக நிரம்ப அதன் ஐந்து மடங்கு, 2.2 வினாடி. பொத்தானை ஒருவன் அழுத்திக்கொண்டே நின்றால்? மின்தேக்கி காலியான பிறகு 47 ஓமும் 5 ஓமும் தொடர் இணைப்பு. 12 ÷ 52, அதாவது 0.23 ஆம்பியர். சுருளில் வெப்பம் 0.27 வாட் மட்டுமே. 28.8 வாட் எங்கே, 0.27 எங்கே! சுருள் பிழைத்தது. மீதி வெப்பம் 47 ஓம் மின்தடையில் உண்டாகிறது. அது சுமார் 2.5 வாட். எனவே அந்த மின்தடை 5 வாட் திறன் கொண்டதாக இருக்க வேண்டும். கால் வாட் மின்தடையை வைத்தால் புகை வரும். பாடப்புத்தகத்தில் எங்கோ படித்த ‘மின்தடையின் திறன் அளவு’ ஏன் முக்கியம் என்பது இந்த இடத்தில் புரியும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. 230 வோல்ட் இந்த வேலைக்குள் எந்த வடிவத்திலும் வரக்கூடாது. மூடி திறக்காத அடாப்டர் அல்லது பேட்டரி மட்டும். மின்தேக்கிக்கு நேர், எதிர் உண்டு. மாற்றி இணைத்தால் சூடாகி வெடிக்கவும் கூடும். எனவே முதல் முறை மின்சாரம் கொடுக்கும் முன் இணைப்பை ஆசிரியர் பார்க்க வேண்டும். கம்பி மாற்றும் முன் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை ஓரிரு முறை அழுத்தி மின்தேக்கியைக் காலி செய்ய வேண்டும். சால்டரிங் வேலை நம் கண்முன்தான் நடக்க வேண்டும்.

அடுத்து ஒரு நுட்பம். பலகைக்குப் பக்கத்தில் இருக்கும் பாயிண்ட் ‘டக்’ என்று மாறும். தூரத்தில் இருப்பது அரைகுறையாக நகர்ந்து நிற்கும். சுருள் கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் கழற்றப் போவார்கள். கழற்றவிடாதீர்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள். 0.2 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள மெல்லிய கம்பியில் போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்றால் 10 மீட்டர். மின்தடை ஏறக்குறைய 0.86 ஓம். ஒரு ஓம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் சுருளே 5 ஓம்தானே! மின்னோட்டம் 2.4 ஆம்பியரிலிருந்து 2.05 ஆகக் குறைகிறது. இரும்பை இழுக்கும் விசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே விசையில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. கம்பியைத் தடிமனாக்கினால் சரியாகிவிடும். பழுது எங்கே என்று தேடுவதற்கும், பழுது ஏன் என்று கணிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இனி அந்தத் தவளைக்கு வருவோம். மாதிரி ரயிலில் தண்டவாளமே மின்கம்பி. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. எஞ்சின் சக்கரங்கள் வழியாக மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். பாதை பிரியும்போது தவளையில் நேர்முனைத் தண்டவாளமும் எதிர்முனைத் தண்டவாளமும் சந்தித்தே தீரும். அப்படியே விட்டால் குறுக்குச் சுற்று. தவளையைப் பிளாஸ்டிக்கில் செய்துவிடலாம். குறுக்குச் சுற்று வராது. ஆனால் சிறிய எஞ்சின் அந்த இடத்தில் மின்சாரம் கிடைக்காமல் நின்றுவிடும். தவளையை உலோகத்தில் செய்து, இரு பக்கமும் மின்காப்பிட்டு, பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ற முனையை ஒரு மாற்றுச் சுவிட்ச் வழியாகத் தருவதும் உண்டு. அந்தச் சுவிட்ச் நாக்கோடு சேர்ந்தே நகர வேண்டும். எஞ்சின் வாங்க முடியாத நாம் என்ன செய்வது? 470 ஓம் மின்தடையோடு சிவப்பு, பச்சை எல்.இ.டி. இரண்டையும் எதிரெதிராகப் பக்க இணைப்பில் வைத்து, தகரத் தொடுமுனை இரண்டு பொருத்திய சிறு வண்டியை ஸ்போக் தண்டவாளத்தில் தள்ளினால் போதும். மின்முனை மாறும் இடத்தில் நிறம் மாறும். மின்சாரம் இல்லாத இடத்தில் இரண்டும் அணையும். பிள்ளைகள் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கண்ணால் படிக்கிறார்கள்.

இந்த உரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் வருகிறது.

பாயிண்ட் மாறியதா இல்லையா என்று பலகையில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரு விளக்கு வைக்கலாம். அதை எங்கே இணைப்பது? எளிய வழி, கையால் திருப்பும் டூ-வே சுவிட்சிலேயே இணைப்பது. இடது பக்கம் போட்டால் இடது விளக்கு, வலது பக்கம் போட்டால் வலது விளக்கு. பார்க்க நன்றாக இருக்கும். இன்னொரு வழி, நாக்கின் நுனியில் ஒரு தகரத் தொடுமுனை வைத்து, நாக்கு தண்டவாளத்தோடு உண்மையாகவே ஒட்டினால் மட்டும் விளக்கு எரியும்படி செய்வது. இரண்டையும் ஒரே பாயிண்டில் அமைத்துவிட்டு, நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு தீக்குச்சியைச் செருகுங்கள். இப்போது பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். சுவிட்சில் இணைத்த விளக்கு ‘மாறிவிட்டது’ என்று பளிச்சென்று எரியும். நாக்கில் இணைத்த விளக்கு எரியாது. ‘நீ ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தால் எந்த விளக்கை நம்பி ரயிலை விடுவாய்?’ என்று கேளுங்கள். வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

முதல் விளக்கு காட்டுவது நாம் கொடுத்த கட்டளையை. இரண்டாவது விளக்கு காட்டுவது நடந்த செயலை. ரயில்வே நம்புவது இரண்டாவதைத்தான். இந்திய ரயில்வேயில் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையே 5 மில்லிமீட்டர் தடைத் துண்டை வைத்துச் சோதிப்பார்கள். அந்தத் தடை இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளவும் கூடாது, சிக்னல் பச்சைக்கு வரவும் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். நாக்கில் இணைத்த விளக்கின் கம்பி அறுந்துபோனால் விளக்கு அணைந்துவிடும். அணைந்தால் ‘நிறுத்து’ என்று பொருள் வைத்துக்கொண்டால், பழுது ஏற்பட்டாலும் ரயில் நிற்குமே தவிர, ஆபத்துக்குள் போகாது. பழுதானாலும் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும் என்பது சிக்னல் பொறியியலின் அடிப்படை.

இந்த அடிப்படை தவறினால் என்ன ஆகும் என்பதை நம் தலைமுறை பார்த்துவிட்டது. 2023 ஜூன் 2ஆம் தேதி மாலை, ஒடிசா மாநிலம் பாலசோர் மாவட்டம் பாஹாநகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயிலுக்கு முதன்மைப் பாதையில் நேராகப் போகலாம் என்று பச்சை சிக்னல் கிடைத்தது. ஆனால் பாயிண்ட் கிளைப் பாதையை நோக்கி இருந்தது. அங்கே சரக்கு ரயில் ஒன்று நின்றிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் மின்சுற்றில் முன்னர் செய்யப்பட்ட மாற்றத்தில் இருந்த குறையும், லெவல் கிராசிங் தடுப்புக் கம்பம் தொடர்பான பணியின்போது நேர்ந்த குறையும் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. பாயிண்ட் இருந்த நிலை ஒன்று; சிக்னல் சொன்ன நிலை வேறு. கம்பி இணைப்பு என்பது மதிப்பெண்ணுக்கு வரையும் படம் மட்டும் அல்ல. நம் வகுப்பில் இன்று தீக்குச்சியை வைத்துப் பார்க்கும் பிள்ளைகளில் ஒருவர் நாளை ஐ.டி.ஐ. முடித்தோ பொறியியல் முடித்தோ ஒரு ரிலே அறையில் நின்று கம்பி மாற்றக்கூடும். மாற்றியபின் ‘விளக்கு எரிகிறது’ என்பதோடு திருப்தி அடையாமல், ‘நாக்கு நகர்ந்ததா?’ என்று தண்டவாளம் வரை நடந்துபோய்ப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வேண்டும். அந்தப் பழக்கம் பதினான்கு வயதில் பதிந்தால் நல்லது.

நமக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பாடம் நடத்தி முடித்து, ‘புரிஞ்சுதா?’ என்கிறோம். ‘புரிஞ்சுது சார்’, ‘புரிஞ்சுது டீச்சர்’ என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. அது சுவிட்சில் இணைத்த விளக்கு. நாம் நடத்தினோம் என்பதைத்தான் அது காட்டுகிறது. பிள்ளையின் மனத்தில் நாக்கு நகர்ந்ததா என்று பார்க்க வேண்டுமானால், ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு, ‘என்ன கெட்டுப்போச்சுன்னு கண்டுபிடி’ என்று பிள்ளையின் கையில் பலகையைக் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன பாயிண்டில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு பழுதைச் செய்து கொடுங்கள். ஒன்றில் எனாமல் சுரண்டாத முனை, ஒன்றில் அறுந்த திரும்பு கம்பி, ஒன்றில் தீக்குச்சி. செய்முறைப் பதிவேட்டில் அழகாக எழுதத் தெரியாத ஒரு பிள்ளை, திரும்பு கம்பி அறுந்தால் இரண்டு பக்கமும் வேலை செய்யாது, சுவிட்ச் கம்பி அறுந்தால் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாது என்று பிரித்துச் சொல்லும். அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போது யோசிப்போம்.

ஆர்வம் உள்ள குழுவுக்கு இன்னும் ஒரு படி. நான்கு பாதைகள், மூன்று பாயிண்டுகள். முதல் பாயிண்ட் வளைந்தால் ரயில் 1ஆம் பாதைக்குப் போகும். முதலாவது நேர், இரண்டாவது வளைவு என்றால் 2ஆம் பாதை. முதல் இரண்டும் நேர், மூன்றாவது வளைவு என்றால் 3. மூன்றும் நேர் என்றால் 4. பாதைக்கு ஒரு பொத்தான் மட்டும் வைத்து, அழுத்தியவுடன் தேவையான பாயிண்டுகள் எல்லாம் தாமாக மாற வேண்டும். கம்பிகளை நேரடியாக இணைத்தால் ஒரு விபரீதம் நடக்கும். 2ஆம் பொத்தானுக்கும் 3ஆம் பொத்தானுக்கும் முதல் பாயிண்டின் ‘நேர்’ சுருள் பொது. 2ஐ அழுத்தினால் மின்னோட்டம் அந்தப் பொது இடம் வழியாக 3ஆம் பொத்தானின் கம்பிக்குள் பின்வழியாக நுழைந்து, இரண்டாம் பாயிண்டின் நேர்ச் சுருளையும் இயக்கிவிடும். வளைவுச் சுருளும் இழுக்கும், நேர்ச் சுருளும் இழுக்கும்; பாயிண்ட் நடுவில் திணறும். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு டையோடு போட்டால் பின்வழி அடைபடும். 1 + 2 + 3 + 3, மொத்தம் ஒன்பது டையோடுகள். 4007 என்று கேட்டால் ஒன்று ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரே நேரத்தில் மூன்று சுருள்கள் இழுப்பதால் மின்தேக்கியையும் கூட்ட வேண்டியிருக்கும். டையோடு ஒருவழிப் பாதை என்று சொல்லிக்கொடுப்பதைவிட, அது இல்லாமல் என்ன ஆகிறது என்று ஒருமுறை பார்க்கவிடுவது மேல்.

இந்த வகை வேலை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946இல் மாணவர்கள் மாதிரி ரயில் மன்றம் ஒன்றைத் தொடங்கினார்கள். பெட்டிகளுக்கு வண்ணம் பூசுவோர் ஒரு பக்கம். மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு தொலைபேசி நிலைய ரிலேக்களைக் கொண்டு பாயிண்டுகளையும் மின்விநியோகத்தையும் கட்டுப்படுத்தும் குழு இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது குழுவினர்தான் அந்தக் கழகத்துக்கு வந்த தொடக்ககாலக் கணினிகளை முதலில் மொய்த்தவர்கள். 1962இல் உருவான ‘ஸ்பேஸ்வார்’ என்ற கணினி விளையாட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் அந்த மன்றத்தைச் சேர்ந்தவர். இன்று உலகமே பயன்படுத்தும் ‘ஹேக்கர்’ என்ற சொல்லும் அந்த மன்றத்துப் பேச்சுவழக்கிலிருந்து கணினி உலகுக்குப் போனதுதான். ‘இந்தப் பொத்தானை அழுத்தினால் இந்தப் பாயிண்டுகள் மாற வேண்டும், அவை மாறக்கூடாது’ என்று யோசிப்பதுதானே நிரல் எழுதுவது!

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், ‘எங்களுக்கு என்ன?’ என்று கேட்கலாம். உங்களுக்கு ஒரு கம்பியும் வேண்டாம். வராந்தாவில் சுண்ணாம்புக் கட்டியால் பிரிந்து போகும் பாதை ஒன்றை வரையுங்கள். பிரியும் இடத்தில் ஒரு பிள்ளை கைநீட்டி நிற்கட்டும், அதுதான் பாயிண்ட். ஐந்து பிள்ளைகள் தோள் பிடித்து ரயிலாக வரட்டும். தூரத்தில் இருக்கும் ‘ஸ்டேஷன் மாஸ்டர்’ இடது, வலது என்று கட்டளை கொடுக்கட்டும். பாயிண்டாக நிற்கும் பிள்ளை, கையை நீட்டிய பிறகு ‘இடது சரி’ என்று திருப்பிச் சொன்னால்தான் ரயில் நகர வேண்டும். திருப்பிச் சொல்லாவிட்டால் ரயில் நிற்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இடது வலது. மூன்றாம் வகுப்புக்கு விதிப்படி நடப்பது. ஐந்தாம் வகுப்புக்குச் சொன்னதைச் சரிபார்ப்பது. நான்கு பாதை, மூன்று பாயிண்ட் விளையாட்டையும் இதே வராந்தாவில் ஆடலாம்.

‘நேரம் எங்கே?’ என்ற கேள்வி நியாயமானது. ஐந்து பாடவேளை போதும். முதல் வேளை, சுருள் சுற்றி மின்தடை அளப்பது. இரண்டாவது, மூன்று கம்பி இணைப்பு. மூன்றாவது, மின்தேக்கியும் கணக்குகளும். நான்காவது, தீக்குச்சிச் சோதனை. ஐந்தாவது, பழுது கண்டுபிடித்தல். இவற்றில் மூன்று, நாம் எப்படியும் அந்தந்தப் பாடத்துக்குச் செலவிடும் வேளைகள்தான். ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு வானவில் மன்றச் செயல்பாடுகளோடும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். குழு பிரிக்கும்போது மாணவர்கள் கம்பியைப் பிடிக்க, மாணவிகள் குறிப்பேட்டில் எழுத என்று தானாகவே பிரிந்துவிடும். நாம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனாலும் அப்படித்தான் நடக்கிறது. சுருள் சுற்றுவதையும் இணைப்பதையும் மாணவிகளிடமிருந்து தொடங்குங்கள். அடுத்த வேளையில் வேலையை மாற்றிக்கொடுங்கள். பள்ளியில் தொட்டுப் பார்க்காத கம்பியை அவர்களில் பலர் பிறகு எங்கேயும் தொடப் போவதில்லை.

இன்று மதிய உணவுக்குப் பிறகு அடுத்த அறையில் பன்னிரண்டு பலகைகள் வைத்திருக்கிறோம். கம்பி, சுருள், பொத்தான், மின்தேக்கி எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பழுது இருக்கிறது. அது என்னவென்று நான் சொல்லப் போவதில்லை. குழுவுக்கு நால்வராக வந்து கண்டுபிடியுங்கள். சரிசெய்து முடித்தவர்கள் விளக்கைக் காட்டி என்னைக் கூப்பிட வேண்டாம். நாக்கைக் காட்டிக் கூப்பிடுங்கள்.